மின்னஞ்சல் கையொப்பத்தில் லோகோ: இணைப்பாகப் போகாமல் படம் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு சிறிய தேயிலை வணிக அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மழையில் மரம் விழுந்து மின்சாரம் போனாலும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். போன மழைக்காலத்தில் ஒரு காலை, கணக்கு பார்க்கும் அக்கா அழைத்தார். “தம்பி, இன்வாய்ஸ் வரவில்லை என்று வாங்குபவரிடமிருந்து மூன்றாவது முறை போன் வந்துவிட்டது. நான் நேற்று மதியமே அனுப்பிவிட்டேன். வந்து பாருங்கள்.”

பார்த்தேன். இன்வாய்ஸ் போயிருந்தது. அதோடு இமேஜ்001 முதல் இமேஜ்010 வரை பத்துப் படங்களும் போயிருந்தன. எங்கள் லோகோ, வாட்ஸ்அப் சின்னம், பேஸ்புக் சின்னம், மறுபடி லோகோ, எதிர்த்தரப்பின் லோகோ, திரும்பவும் எங்கள் லோகோ. நாலைந்து முறை மாறி மாறிப் பதில் எழுதிய கடிதம் அது. ஒவ்வொரு பதிலிலும் பழைய கையொப்பங்களின் படங்கள் கூடவே ஏறிக்கொண்டன. வாங்குபவர் முதல் நான்கு இணைப்புகளைத் திறந்து பார்த்து, எல்லாமே லோகோவும் சின்னமுமாக இருக்கக் கண்டு, மேற்கொண்டு தேடாமல் விட்டுவிட்டார். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அன்று மாலையே எல்லோருடைய கையொப்பத்தையும் மாற்ற உட்கார்ந்தேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தது மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒரு சொல் விளக்கம்: கடிதத்தோடு போகும் கோப்பை ‘இணைப்பு’ என்றும், இணையத்தில் ஓரிடத்தைக் காட்டும் முகவரியை ‘சுட்டி’ என்றும் சொல்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் பாதித் தொல்லையே வருகிறது.

படம் எப்படிப் பயணிக்கிறது

மின்னஞ்சல் பிறந்தபோது அதில் எழுத்து மட்டுமே போக முடிந்தது. படமும் கோப்பும் போவதற்கான ‘மைம்’ என்ற ஏற்பாடு 1992-ல்தான் வந்தது. அந்த ஏற்பாட்டின்படி ஒரு கடிதம் பல துண்டுகளாகப் பிரிந்து போகும். எழுத்து ஒரு துண்டு, இன்வாய்ஸ் ஒரு துண்டு, லோகோ ஒரு துண்டு. எந்தத் துண்டை எங்கே காட்டுவது என்று பெறுபவரின் மென்பொருள்தான் முடிவு செய்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

கையொப்பத்தில் படம் வைக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, உள்ளே பொதிவது. படத்தைக் கடிதத்தின் ஒரு துண்டாக வைத்து, அதற்கு ‘சிஐடி’ என்ற அடையாள எண் கொடுத்து, “இந்த இடத்தில் அந்த எண்ணுள்ள படத்தைக் காட்டு” என்று எழுத்துக்குள் குறித்துவிடுவது. பெறுபவரின் மென்பொருள் குறிப்பைப் புரிந்துகொண்டால் படம் கையொப்பத்தில் அழகாக நிற்கும். புரியாவிட்டால் துண்டைத் தூக்கி இணைப்புப் பட்டியலில் போட்டுவிடும். இமேஜ்001 பிறப்பது இப்படித்தான். அவுட்லுக்கில் படத்தை இழுத்துப் போட்டால் அது இந்த வழியில்தான் போகும்.

இரண்டாவது, படத்தை ஒரு வலைத்தளத்தில் வைத்துவிட்டு அதன் சுட்டியை மட்டும் கையொப்பத்தில் எழுதுவது. கடிதத்தில் படமே இல்லை. எனவே இணைப்பாக மாற எதுவும் இல்லை. கடிதம் திறக்கப்படும்போது படம் அங்கிருந்து இறங்கும்.

மூன்றாவது, படத்தையே நீண்ட எழுத்துச் சரமாக மாற்றிக் கையொப்பத்துக்குள் ஒட்டிவிடும் ‘பேஸ்64’ தந்திரம். கேட்க நன்றாக இருக்கும். இதற்காக நான் ஒரு முழு மாலையை வீணாக்கினேன். ஜிமெயில் அந்தப் படத்தைக் காட்டாது. விண்டோஸில் உள்ள பழைய அவுட்லுக்கும் காட்டாது. இதை இத்தோடு விட்டுவிடலாம்.

ஆக, உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையேதான். ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு சாம்பிள் பொட்டலத்தைக் கட்டி அனுப்புவதா, “எங்கள் அறையில் சாம்பிள் இருக்கிறது, வந்து பாருங்கள்” என்று முகவரி கொடுப்பதா என்பது போன்ற கேள்வி இது. தினம் நாற்பது கடிதம் போகும் அலுவலகத்தில் எது சரி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சுட்டி வழிக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. வெளியிலிருந்து இறங்கும் படங்களை அவுட்லுக் இயல்பாகவே தடுத்துவைக்கிறது. படத்துக்குப் பதில் ஒரு வெற்றுக் கட்டமும், “படங்களைப் பதிவிறக்க இங்கே சொடுக்கவும்” என்ற பொருளில் ஒரு வரியும்தான் முதலில் தெரியும். கடிதம் திறக்கப்பட்டதா என்று வேவு பார்க்கப் பல விளம்பர நிறுவனங்கள் கண்ணுக்குத் தெரியாத படங்களைப் பயன்படுத்துவதால் வந்த வினை இது. ஜிமெயில் 2013 டிசம்பர் முதல் படங்களைத் தன் சொந்த வழங்கி (சர்வர்) மூலம் வரவழைத்துத் தானாகவே காட்டுகிறது. அதனால் ஜிமெயில் வைத்திருப்பவர்களிடம் இந்தத் தொல்லை குறைவு.

ஆகவே என் முடிவு இது: படத்தைச் சுட்டியாக வை, படம் வராவிட்டாலும் கையொப்பம் முழுமையாக இருக்கும்படி எழுத்தை அமை. இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

முதல் படி: படத்தைச் சுருக்குங்கள்

எங்கள் மேலாளர் கொடுத்த லோகோ, தொழிற்சாலை வாசலில் உள்ள பெயர்ப்பலகையைக் கைபேசியில் எடுத்த புகைப்படம். 4 எம்பி. ஓரத்தில் ஒரு மாருதி காரின் மூக்கு வேறு தெரிந்தது. மின்னஞ்சலுக்குள் பொதியும்போது கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாக மாறும். அதாவது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 4 எம்பி படம் கடிதத்தில் 5.3 எம்பி ஆகும். நாளைக்கு நாற்பது கடிதம் என்று கணக்குப் போட்டால் 200 எம்பிக்கு மேல். இலவச ஜிமெயில் கணக்கின் 15 ஜிபி மூன்று மாதத்துக்குக் கூடத் தாங்காது. கீழ்க்கோத்தகிரி போல சிக்னல் வந்து வந்து போகும் ஊரில் அதைத் திறப்பவர் பாடு தனிக்கதை.

கையொப்ப லோகோவுக்கு 150 பிக்சல் அகலம் போதும். இன்றைய கைபேசித் திரைகளில் மங்கலாகத் தெரியாமலிருக்க, கோப்பை இரண்டு மடங்காக, 300 பிக்சல் அகலத்தில் செய்துவிட்டு, காட்டும்போது 150 என்று குறிப்பிடுங்கள். கோப்பு 30 கேபிக்குள் அடங்க வேண்டும். எளிய லோகோ 10 கேபியிலேயே முடிந்துவிடும்.

லோகோ என்றால் பிஎன்ஜி, புகைப்படம் என்றால் ஜேபிஜி. வடிவமைப்பாளர் எஸ்விஜி கோப்பைக் கொடுத்து “இதுதான் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது” என்பார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் ஜிமெயிலும் அவுட்லுக்கும் அதைக் காட்டா. வெப்பி வடிவமும் பழைய அவுட்லுக்கில் திறக்காது. அவரிடமே பிஎன்ஜி கேட்டு வாங்கிவிடுங்கள்.

கோப்பின் பெயரில் இடைவெளி வேண்டாம். சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். படத்தைச் சேமிக்கும்போது அடர்த்தியை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) 96 டிபிஐ என்று வையுங்கள். அச்சுக்காகச் செய்த 300 டிபிஐ படத்தைப் பழைய அவுட்லுக் சில நேரம் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிவிடும்.

இன்னொன்று, இருள் பயன்முறை (டார்க் மோட்). தேயிலை நிறுவனம் என்றால் லோகோ கரும்பச்சையாகத்தான் இருக்கும், பின்னணி ஒளிபுகும்படி இருக்கும். வெள்ளைத் திரையில் அருமையாகத் தெரியும் அந்த லோகோ, கறுப்புத் திரையில் ராத்திரி தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் காட்டெருமை மாதிரிதான். கிட்டே போனால்தான் இருப்பது தெரியும். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு கொடுங்கள், அல்லது பின்னணியை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: படத்துக்கு நிரந்தர முகவரி

நிறுவனத்துக்கு வலைத்தளம் இருந்தால் வேலை சுலபம். தளத்தைப் பராமரிப்பவரிடம் ஒரு தனி அடைவு (ஃபோல்டர்) கேட்டு, படத்தை அங்கே ஏற்றச் சொல்லுங்கள். முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்க வேண்டும், கடைசியில் ‘.பிஎன்ஜி’ என்று முடிய வேண்டும். உள்நுழைவு எதுவும் கேட்கக் கூடாது.

சோதிக்க ஒரு நல்ல வழி: அந்த முகவரியை, அலுவலக வைஃபையில் இல்லாத, யாருடைய கணக்கிலும் நுழையாத ஒரு கைபேசியின் உலாவியில் திறந்து பாருங்கள். திரையில் படம் மட்டும் தெரிந்தால் சரி. படத்தைச் சுற்றிப் பொத்தான்களோ, மெனுவோ, “உள்நுழைக” என்ற அழைப்போ வந்தால் அது படத்தின் முகவரி இல்லை, படம் இருக்கும் பக்கத்தின் முகவரி. கூகுள் டிரைவின் பகிர்வுச் சுட்டி அப்படிப்பட்டதுதான். பேஸ்புக்கிலிருந்து எடுத்த படச் சுட்டி இன்று வேலை செய்யும். சில நாள் கழித்துக் காலாவதியாகிவிடும். அந்தக் குறுக்குவழியில் போகாதீர்கள்.

வலைத்தளமே இல்லை, ஜிமெயில் மட்டும்தான் என்பவர்களுக்கும் வழி உண்டு. ஜிமெயிலின் கையொப்பப் பெட்டியில் நேரடியாகப் படத்தை ஏற்றினால், கூகுள் அதைத் தன் வழங்கியில் வைத்துக்கொண்டு சுட்டியாகவே அனுப்புகிறது.

ஒருமுறை வைத்த படத்தை அழிக்காதீர்கள், பெயர் மாற்றாதீர்கள். நீங்கள் போன வருடம் அனுப்பிய கடிதங்களும் அந்த முகவரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. லோகோ மாறினால் அதே பெயரில் புதிய கோப்பை மேலெழுதலாம். பழைய கடிதங்களிலும் புதிய லோகோ வந்துவிடும். அது வேண்டாம் என்றால் புதிய பெயரில் ஏற்றி, பழையதை அப்படியே விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: கையொப்பத்தைக் கட்டுங்கள்

இங்கேதான் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பெயர், பதவி, தொலைபேசி எண், முகவரி எல்லாவற்றையும் ஒரே படமாகச் செய்து ஒட்டிவிடுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. விசிட்டிங் கார்டு போல இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்தப் படம் தடுக்கப்பட்டால் உங்கள் பெயர் கூடப் போய்ச் சேராது. எண்ணைத் தொட்டு அழைக்க முடியாது, நகலெடுக்க முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் “படம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பிற்பாடு யாராவது உங்கள் எண்ணைத் தேடினாலும் தேடலில் அகப்படாது.

கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கும் விடுதியில் இதை நேரிலேயே பார்த்தேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு ஈ-பாஸ் வேண்டும் என்று ஆனதும், விடுதிக்காரர் சிவப்புப் பின்னணியில் பெரிய எழுத்தில் அதை ஒரு படமாகச் செய்து கையொப்பத்தின் கீழே போட்டுவிட்டார். முன்பதிவு செய்தவர்களுக்கெல்லாம் கடிதம் போயிற்று. அவுட்லுக்கில் கடிதத்தைப் படித்த ஒரு குடும்பத்துக்கு அந்த இடத்தில் வெற்றுக் கட்டம்தான் தெரிந்திருக்கிறது. குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி, குழந்தைகள் அழ, கைபேசியில் ஈ-பாஸ் பதிவு செய்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். அவர் எழுத்தில் ஒரு வரியும் ஒரு சுட்டியும் கொடுத்திருந்தால் போதும்.

எனவே படம் என்றால் லோகோ மட்டும். மிஞ்சிப்போனால் ஒரு சின்னம். மலை ரயில் வளைவில் புகைவிட்டுப் போகும் அகலப் படத்தைக் கையொப்பத்தின் அடியில் போடலாமா என்று கேட்காத விடுதிக்காரர் இந்த மலையில் இல்லை. அழகான படம்தான். அதை வலைத்தளத்தின் முகப்பில் போடுங்கள்.

கையொப்பத்தின் வடிவத்துக்கு ஒரு வரிசை, இரண்டு கட்டம் கொண்ட அட்டவணை போதும். இடது கட்டத்தில் லோகோ, வலது கட்டத்தில் நாலைந்து வரி எழுத்து. நோட்பேடில் எளிய எச்டிஎம்எல் (வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழி) கோப்பாக இதை எழுதிக்கொள்வது நல்லது. படத்துக்கான ‘ஐஎம்ஜி’ குறிச்சொல்லில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும். ‘எஸ்ஆர்சி’ பண்பில் இரண்டாம் படியில் கிடைத்த முழு முகவரி. ‘வித்’ பண்பில் 150. இதை ஸ்டைல் பகுதியில் மட்டும் எழுதினால் பழைய அவுட்லுக் கண்டுகொள்ளாமல் 300 பிக்சலிலேயே காட்டிவிடும், ஏனென்றால் 2007 பதிப்பிலிருந்து அது கடிதங்களை வேர்டின் இயந்திரத்தைக் கொண்டுதான் வரைகிறது. ‘ஹைட்’ பண்பில் அதற்கேற்ற உயரம். கடைசியாக ‘ஆல்ட்’ பண்பில் நிறுவனத்தின் பெயர். படம் வராதபோது இந்தப் பெயர்தான் கட்டத்துக்குள் தெரியும், இதை விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கோப்பை குரோமில் திறந்து, கண்ட்ரோலும் ஏ-யும் அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் படிகளில் ஒட்டப்போவது இதைத்தான்.

நான்காம் படி: ஜிமெயில்

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, வலது மேல் மூலையில் பல்சக்கரச் சின்னத்தைச் சொடுக்கி, ‘சீ ஆல் செட்டிங்ஸ்’ போங்கள். ‘ஜெனரல்’ பகுதியில் கீழே இறங்கினால் ‘சிக்னேச்சர்’ வரும். ‘கிரியேட் நியூ’ என்பதை அழுத்தி ஒரு பெயர் கொடுங்கள். வலப்பக்கப் பெட்டியில் நகலெடுத்ததை ஒட்டுங்கள்.

எச்டிஎம்எல் எழுத வராது என்றால் பெட்டியிலேயே எழுத்தைத் தட்டச்சு செய்துவிட்டு, கீழ்ப்பட்டையில் உள்ள படச் சின்னத்தைச் சொடுக்கலாம். அங்கே ‘வெப் அட்ரஸ்’ என்ற பகுதியில் படத்தின் முகவரியை ஒட்டினால் முன்னோட்டம் தெரியும். படத்தைச் சேர்த்தபின் அதன் மேல் சொடுக்கினால் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு மாற்றலாம்.

பெட்டிக்குக் கீழே இரண்டு தேர்வுகள் உண்டு: புதிய கடிதத்துக்கு எந்தக் கையொப்பம், பதிலுக்கு எந்தக் கையொப்பம். பதிலுக்கு லோகோ இல்லாத, இரண்டே வரிக் கையொப்பம் ஒன்றைத் தனியாகச் செய்து வையுங்கள். கடிதச் சங்கிலி நீளும்போது அதன் அருமை புரியும். கையொப்பத்துக்கு 10,000 எழுத்து என்ற வரம்பு உண்டு. வேர்டிலிருந்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளே அதைத் தின்றுவிடும்.

பக்கத்தின் அடிவரை போய் ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்த மறக்காதீர்கள். எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் அதை அழுத்தாமலே “வரவில்லை” என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

கைபேசியின் ஜிமெயில் செயலியில் வைக்கும் கையொப்பம் வெறும் எழுத்துதான், படம் ஏறாது. அதில் மெனக்கெட வேண்டாம்.

ஐந்தாம் படி: அவுட்லுக்

மூன்று நாளில் இரண்டு நாள் இங்கேதான் போயிற்று.

விண்டோஸில் உள்ள பழைய அவுட்லுக்கில் ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘மெயில்’ என்று போனால் ‘சிக்னேச்சர்ஸ்’ பொத்தான் இருக்கும். கையொப்பப் பெட்டியில் படச் சின்னத்தைச் சொடுக்குங்கள். கோப்பைத் தேடும் சாளரம் திறக்கும். அதில் எந்தக் கோப்பையும் தேர்ந்தெடுக்காமல், கோப்பின் பெயர் எழுதும் இடத்தில் படத்தின் இணைய முகவரியை ஒட்டுங்கள். உடனே ‘இன்சர்ட்’ பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அதை ஒட்டியுள்ள சிறிய அம்பைச் சொடுக்கி ‘லிங்க் டு ஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த அம்பில்தான் எல்லாம் இருக்கிறது. வெறும் ‘இன்சர்ட்’ என்றால் அவுட்லுக் படத்தை இறக்கி உள்ளே பொதிந்துவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் எங்கள் இரண்டு கணினிகளில் படம் பொதிந்தே போனது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி), அவுட்லுக்கின் மெயில் பகுதியில் ‘செண்ட் பிக்சர்ஸ் வித் டாக்குமெண்ட்’ என்று ஒரு மதிப்பு உண்டு. அது 1 என்றால் சுட்டிப் படமும் கடிதத்தோடு போகும். 0 என்றால் சுட்டி மட்டும் போகும். பதிவகத்தைத் தொட்டுப் பழக்கமில்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம், தெரிந்தவரை அழையுங்கள். இன்னொரு எச்சரிக்கை: 0 என்று வைத்த கணினியில், கடிதத்தின் நடுவே கணினியிலிருந்தே சேர்க்கும் படங்கள் பெறுபவருக்குச் சிவப்புப் பெருக்கல் குறியாகத் தெரியக்கூடும்.

கையொப்பக் கோப்பையே திருத்துவதும் ஒரு வழி. அதே ‘சிக்னேச்சர்ஸ்’ பொத்தானைக் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால், கையொப்பங்கள் இருக்கும் அடைவு திறக்கும். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் மூன்று கோப்புகள் இருக்கும்: எச்டிஎம், ஆர்டிஎஃப், டிஎக்ஸ்டி. அவுட்லுக்கை மூடிவிட்டு, எச்டிஎம் கோப்பை நோட்பேடில் திறந்து, அதன் உள்ளடக்கத்துக்குப் பதில் நீங்கள் மூன்றாம் படியில் எழுதியதை வையுங்கள். பிறகு அவுட்லுக்கின் கையொப்பப் பெட்டியைத் திறந்து எதையும் சேமிக்காதீர்கள். திறந்து சேமித்தால் அது தன் பாணியில் கோப்பைத் திரும்ப எழுதிவிடும். மைக்ரோசாப்ட் 365 கணக்கு என்றால் கையொப்பம் மேகத்தில் (மைக்ரோசாப்டின் வழங்கியில்) சேமிக்கப்பட்டுக் கணினிகளுக்கு இடையே ஒத்திசைக்கப்படலாம். அப்போது உங்கள் திருத்தம் மறுநாள் காணாமல் போகும். அப்படிப் போனால் ஒட்டும் வழிக்கே திரும்புங்கள்.

புதிய அவுட்லுக்கிலும் உலாவியில் திறக்கும் அவுட்லுக்கிலும் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் ‘சிக்னேச்சர்ஸ்’ இருக்கும். அங்கே படச் சின்னத்தைத் தொடாமல், குரோமிலிருந்து நகலெடுத்ததை ஒட்டுங்கள். படச் சின்னம் வழியே ஏற்றினால் பொதிந்துவிடும். ஒட்டினால் பெரும்பாலும் சுட்டி சுட்டியாகவே இருக்கும்.

கடித வடிவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ‘பிளெயின் டெக்ஸ்ட்’ வடிவத்தில் படமே இருக்காது. யாராவது அந்த வடிவில் எழுதினால் உங்கள் பதிலும் அதே வடிவில்தான் போகும். லோகோ காணவில்லை என்று பதற வேண்டாம். ‘ரிச் டெக்ஸ்ட்’ வடிவம் அதைவிட மோசம். அவுட்லுக் இல்லாதவர்களுக்கு ‘வின்மெயில்.டாட்’ என்ற திறக்கவே முடியாத இணைப்பு போய்ச் சேரும். எப்போதும் எச்டிஎம்எல் வடிவம் என்று அமைத்துவிடுங்கள்.

பணியாளர்கள் நிறைய இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரின் கணினியாக அலைய வேண்டாம். மைக்ரோசாப்ட் 365-ன் நிர்வாகி, வெளியே போகும் எல்லாக் கடிதத்தின் அடியிலும் ஒரே எச்டிஎம்எல் துண்டைச் சேர்க்கும் விதி ஒன்றை எழுதலாம். அதில் படத்தைச் சுட்டியாக மட்டுமே வைக்க முடியும் என்பது நமக்கு நல்லதுதான். ஆனால் பதில்களில் அது கடிதச் சங்கிலியின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் எழுதிய வரிக்குக் கீழே வராது.

மற்றவை

தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பகுதியில் கையொப்பத்தைக் கோப்பிலிருந்து எடுக்கும் தேர்வில் குறியிட்டு, உங்கள் எச்டிஎம்எல் கோப்பைக் காட்டினால் போதும். படத்தின் குறிச்சொல்லில் ‘மோஸ் டு நாட் செண்ட்’ என்ற பண்பை, சொற்களுக்கு நடுவே சிறுகோடிட்டு, ‘ட்ரூ’ என்ற மதிப்போடு சேர்த்துவிட்டால் அது படத்தை ஒருபோதும் பொதியாது.

ஐபோனின் மெயில் செயலியில், உங்களுக்கே வந்த ஒரு கடிதத்திலிருந்து கையொப்பத்தை நகலெடுத்துக் கையொப்பப் பெட்டியில் ஒட்டினால் வடிவம் கலைந்துபோகும். உடனே கைபேசியை ஒரு உலுக்கு உலுக்குங்கள். மாற்றத்தைத் திரும்பப் பெறவா என்று கேட்கும். ஆம் என்றால் வடிவம் மீண்டு வரும். நம்ப முடியாமல்தான் நானும் செய்து பார்த்தேன்.

ஆறாம் படி: சோதனை

உங்களுக்கு நீங்களே அனுப்பிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒரு ஜிமெயில் கணக்கு, ஒரு அவுட்லுக் கணக்கு, ஒரு ஐபோன் என்று மூன்று இடங்களுக்கு, ஒரு பிடிஎஃப் கோப்போடு அனுப்புங்கள். மூன்றிலும் இணைப்பு ஒன்று என்று மட்டுமே காட்ட வேண்டும். பிறகு அவர்களைப் பதில் எழுதச் சொல்லி, நீங்களும் பதில் எழுதி, ஐந்து முறையாவது போய்வரச் செய்யுங்கள். எங்கள் இன்வாய்ஸ் தொலைந்தது முதல் கடிதத்தில் இல்லை, ஐந்தாவது பதிலில்தான்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், ஜிமெயிலில் வந்த கடிதத்தின் வலப்பக்க மூன்று புள்ளிகளைச் சொடுக்கி ‘ஷோ ஒரிஜினல்’ போங்கள். கடிதத்தின் எலும்புக்கூடு தெரியும். அதில் ‘சிஐடி’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் முக்காற்புள்ளியும் சேர்ந்து எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் ஏதோ ஒரு படம் இன்னும் பொதிந்துதான் போகிறது. எழுத்துப் பகுதி புரியாத எழுத்துச் சரமாகத் தெரிந்தால் இந்தத் தேடல் பலிக்காது. அப்போது ‘கண்டென்ட்-டைப்: இமேஜ்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள்.

வெளிப்படங்கள் எப்போதுமே தடுக்கப்படும் சில அலுவலகங்கள் உண்டு. வங்கிகளும் அரசுத் துறைகளும் பெரும்பாலும் அப்படி. அவர்களோடு மட்டுமே கடிதப் போக்குவரத்து என்றால், 10 கேபிக்குள் ஒரே ஒரு லோகோவைப் பொதிந்து அனுப்புவதில் தவறில்லை. நான் அந்த இடத்தில் லோகோவே வைப்பதில்லை. கடனைப் பற்றிய கடிதத்தில் மேலாளர் தேடுவது லோகோவை இல்லை.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு வேலை பாக்கி. படம் உங்கள் வலைத்தளத்தில் இருக்கிறது. வலைத்தளம் டொமைன் பெயரில், அதாவது அதன் இணைய முகவரிப் பெயரில், இருக்கிறது. டொமைனுக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். கட்ட மறந்தால் இத்தனை வருடக் கடிதங்களிலும் லோகோ ஒரே நாளில் மறையும். வேறு யாராவது அந்தப் பெயரை வாங்கி, அதே முகவரியில் வேறொரு படத்தை வைத்தால் உங்கள் பழைய கடிதங்களில் அவர்கள் படம் தெரியும். எங்கள் அலுவலகத்தில் டொமைன் புதுப்பிக்கும் தேதியைக் கணக்கு பார்க்கும் அக்காவின் மேஜைக்கு மேலே தொங்கும் தினசரி காலண்டரில், ஒரு மாதத்துக்கு முந்தைய தாளில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறோம். தாளைக் கிழிப்பது அவர் என்பதால் அவர் கண்ணில் படாமல் போகாது.